கீறிய வீடு வாவிக்குள் நின்றால்: அனர்த்த காலத்து வரைபடப் பிழைகளை நீக்கும் வழிமுறை

கார்த்திகை மழை பிடித்ததும் என் போனுக்கு வருகிற குரல் பதிவுகளில் பாதி ஒரே மாதிரித்தான் இருக்கும். "அக்கா, நான் கீறின வீடெல்லாம் வாவிக்குள்ள நிக்குது." "அக்கா, லொறிக்காரர் பாலத்தடியில நிக்கிறார். போன் அவரைத் திரும்பிப் போகச் சொல்லுதாம்." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்து, எழுதியே வைத்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் நிவாரணத்துக்காகவும் மீள்கட்டுமானத்துக்காகவும், யாரும் திருத்தக்கூடிய திறந்த இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கீறுகிறவர்களுக்கு இது. கணக்குத் திறப்பது, வீடு கீறப் பழகுவது எல்லாம் இதில் இல்லை. உங்களுக்குத் தெரிகிற கோளாறைத் தலைப்பில் தேடுங்கள். அதன் கீழே செலவில்லாத காரணம் முதலில் வரும், ஆள் பிடிக்க வேண்டிய காரணம் கடைசியில் வரும்.

எந்தக் கோளாறானாலும், காரணம் தெரியும்வரை எதையும் நகர்த்தாதீர்கள், அழிக்காதீர்கள். படத்தில் ஒன்றுமே இல்லாவிட்டால் ஓட்டுநர் இறங்கி ஊராரிடம் வழி கேட்பார். பிழையான கோடு இருந்தால் கேட்காமலே போய்விடுவார்.

## கோளாறு 1: வீடுகள் எல்லாம் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கின்றன

உள்நாட்டில் பத்து மீற்றர் பிசகினால் வீடு பக்கத்து வளவுக்குள் போகும், அவ்வளவுதான். நாவலடியில் அப்படி இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு துண்டு மணல். அங்கே பத்து மீற்றர் பிசகினால் வீடு தண்ணீருக்குள் நிற்கும்.

முதலில் பாருங்கள்: கூரையைக் கீறினீர்களா, அத்திவாரத்தையா? செய்மதி நேர் மேலே இருந்து படம் எடுப்பதில்லை. அதனால் மாடி வீடு சரிந்து தெரியும், கூரை ஒரு பக்கம் தள்ளியிருக்கும். கூரையின் வடிவத்தைக் கீறி முடித்து, அப்படியே இழுத்துச் சுவர் நிலத்தைத் தொடும் இடத்தில் வையுங்கள். ஒரு மாடி வீடுகளில் இந்தப் பிரச்சினை பெரிதாக வராது. காத்தான்குடி, சாய்ந்தமருது போல நெருக்கமாக மாடி வைத்துக் கட்டிய இடங்களில்தான் வரும்.

அடுத்தது: பின்னணிப் படமே நகர்ந்திருக்கிறதா? பெரும்பாலும் காரணம் இதுதான். பிங் தரும் செய்மதிப் படம் ஒரு மாதிரி இருக்கும், எஸ்ரி தருவது வேறு மாதிரி இருக்கும். உலாவியில் கீறப் பாவிக்கும் ஐடி எடிட்டரில் பி விசையை அழுத்தினால் பின்னணிப் பலகம் திறக்கும். இரண்டு மூன்று படங்களை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரே வீடு ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்தில் நின்றால் பிசகு படத்தில்தான். எந்தப் படம் சரி என்று கண்ணால் தீர்மானிக்க வேண்டாம். அதே பலகத்தில் ஜி.பி.எஸ். தடங்களைக் காட்டும் தெரிவு இருக்கிறது, அதைப் போடுங்கள். பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் போனவர்கள் பதிவேற்றிய தடங்கள் பிரதான வீதியில் கற்றையாகத் தெரியும். ஒரு தடத்தை நம்பாதீர்கள், கற்றையின் நடுவை நம்புங்கள். வீதியின் நடுக்கோடும் கற்றையின் நடுவும் பொருந்தும்வரை பின்னணிப் படத்தைத்தான் நகர்த்த வேண்டும், வீடுகளை அல்ல. பலகத்தின் அடியில் அதற்கான பகுதி இருக்கிறது. கணினியில் நிறுவிக் கீறும் ஜோசம் மென்பொருளைப் பாவிப்பவர்களுக்குப் படங்களுக்கான மெனுவில் இருக்கிறது. அடுத்த முறை திறக்கும்போதும் சரிபாருங்கள், சில வேளை பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும்.

ஒரு சந்தியில் சரிபார்த்ததை மாவட்டம் முழுவதற்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்லடியில் பொருந்திய படம் வவுணதீவில் பொருந்தாமல் போகலாம்.

பழைய வீடுகள் மட்டும் பிசகித் தெரிந்தால் இன்னும் கவனம் தேவை. உலக வங்கியின் ஓபன் சிற்றீஸ் திட்டத்தில் காட்மாண்டு, டாக்கா நகரங்களோடு மட்டக்களப்பும் சேர்க்கப்பட்டிருந்தது. நகரம் அடங்கிய மண்முனை வடக்குப் பிரிவில் ஏறத்தாழ 30,000 கட்டடங்கள் அந்த வேலையில்தான் படத்துக்கு வந்தன. நகருக்குள் புதிய படத்தைப் போட்டதும் பழைய கட்டடங்கள் வரிசையாக இரண்டு மூன்று மீற்றர் தள்ளி நின்றால், நான் முதலில் சந்தேகப்படுவது புதிய படத்தைத்தான். ஒரு தெருவையே பெட்டி போட்டுப் பிடித்து இழுக்கலாம் என்று கை பரபரக்கும். இழுக்காதீர்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: தடமும் இல்லை, இரண்டு படங்களும் பத்து மீற்றருக்கு மேல் முரண்படுகின்றன என்றால் பணித்திட்டத்தைச் சரிபார்ப்பவருக்கு எழுதிவிட்டு உங்களுக்குப் பிரித்துத் தந்த அந்தக் கட்டத்தைக் கீறாமல் திருப்பிக் கொடுங்கள். ஒருவர் போனுடன் அந்த வீதியில் இரண்டு முறை போய்வந்தால் பிரச்சினை தீர்ந்துவிடும்.

## கோளாறு 2: வழி சொல்லும் செயலி லொறியைச் சுற்றவிடுகிறது, அல்லது வழியே இல்லை என்கிறது

எனக்கு அதிகம் வருகிற முறைப்பாடு இது. அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில் இருந்து போவதற்கு வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு என்று பாலங்கள் இருக்கின்றன. ஒரு வெள்ள நேரம், ஆரையம்பதியில் உலர் உணவு ஏற்றிய லொறி கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக வேண்டும். மண்முனைப் பாலத்தால் போனால் நேர் வழி. செயலியோ நகரத்துக்குத் திரும்பி வலையிறவால் போகச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஓட்டுநர் ஊருக்குப் புதியவர், செயலி சொன்னபடியே போனார். பிறகு நான் திரையைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். பாலத்தின் கோடும் அதை நோக்கி வரும் வீதியின் கோடும் ஒன்றையொன்று தொடுவதுபோல இருந்தன. கடைசி அளவு வரை பெருப்பித்தபோதுதான் நடுவில் ஒரு விரலிடைவெளி தெரிந்தது. நிலத்தில் அரை மீற்றர் இருக்கும். கண்ணுக்கு அது ஒட்டிய வீதி. கணினிக்கு அங்கே பாதாளம்.

வீதி ஒட்டியிருக்கிறதா? சந்தியில் இருக்கிற புள்ளியைப் பிடித்துச் சற்று இழுத்துப் பாருங்கள். இரண்டு வீதியும் சேர்ந்து அசைந்தால் ஒட்டியிருக்கிறது. ஒன்று மட்டும் அசைந்தால் ஒட்டவில்லை. பார்த்ததும் கன்ட்ரோல்-இசட் அழுத்தி இழுத்ததை மீட்டுவிடுங்கள். ஒட்டாவிட்டால் ஒரு வீதியின் நுனிப் புள்ளியை மற்றதன் மேல் கொண்டுபோய் வைத்தால் பிடித்துக்கொள்ளும். ஐடி எடிட்டரில் ஐ விசையை அழுத்தினால் வருகிற பிரச்சினைப் பட்டியலும் இதைக் காட்டும். சேமிக்க முன்னர் அதை ஒரு தடவை பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

வீதியின் வகை சரியா? குளக்கட்டு வீதியை நடைபாதை என்று போட்டிருந்தால் எந்த வாகனத்தையும் செயலி அதில் விடாது. உழவு இயந்திரம் போகிற வயல் வீதி என்றால் அதற்கு ட்ராக் என்ற வகை இருக்கிறது. வீடுகளுக்கு நடுவே போகிற ஒழுங்கை என்றால் குடியிருப்பு வீதி. ஒருவழி என்ற குறி தவறி விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

"பாதை" என்ற சொல்லைக் கவனித்தீர்களா? வெளியூரில் இருந்து உதவுகிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை நான் கட்டாயம் சொல்வேன். நம் பகுதியில் பாதை என்றால் வாவியைக் கடக்கிற மிதவை. குருமண்வெளி–மண்டூர் பாதை, அம்பிளாந்துறைப் பாதை என்று சொல்வதெல்லாம் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி அக்கரை சேர்ப்பவை. பட்டியலில் பாதை என்று இருப்பதைப் பார்த்து வாவிக்கு மேலே நடைபாதை கீறியதை நான் இரண்டு முறை திருத்தியிருக்கிறேன். அது ஃபெரி என்ற வகையில் வர வேண்டும், இரு கரையிலும் வீதியோடு ஒட்ட வேண்டும். வெள்ளத்தில் அது ஓடுகிறதா என்பதைத் துறையில் நிற்பவரைக் கேட்டுத்தான் சொல்லலாம்.

தாம்போதியில் வெள்ளம் பாய்கிறதா? கிரான்–புலிபாய்ந்தகல் வீதி வருடா வருடம் துண்டிக்கப்படும். அந்த நேரம் யாராவது ஒரு நல்ல மனத்துடன் அந்த வீதியை அழித்துவிடுகிறார். தயவுசெய்து அழிக்காதீர்கள். லொறிக்காரர் போனில் இருக்கிற ஒஸ்மாண்ட் செயலியின் வரைபடம் மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கப்படுவது. இன்று நீங்கள் அழித்தது இன்று அவருக்குத் தெரியாது. அடுத்த மாதம் தண்ணீர் வடிந்து, மக்கள் வீடு திரும்பி, சீமெந்து ஏற்றிய வாகனம் வருகிற நேரம்தான் அந்த வீதி அவர் படத்தில் இல்லாமல் போயிருக்கும்.

நிரந்தரமான உண்மை எதுவோ அதைப் படத்தில் ஏற்றுங்கள்: இது வெள்ளம் ஏறக்கூடிய வீதி. அதற்கென்றே டேக் (குறிச்சொல்) இருக்கிறது. தண்ணீர் மேலால் ஓடவென்றே தாழ்வாகக் கட்டிய தாம்போதி என்றால் ஃபோர்ட் என்ற டேக். இன்றைய நிலைமையை யூமேப் போன்ற தனிப் படத்தில் போட்டு வட்ஸ்அப்பில் பகிருங்கள். ஒவ்வொரு குறியிலும் பார்த்த நேரத்தை எழுதுங்கள். "மூடியிருக்கிறது" என்பதைவிட "காலை 7.30க்கு இடுப்பளவு தண்ணீர்" என்பது பயனுள்ள செய்தி.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2024 நவம்பர் 26ஆம் தேதி காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரம் வெள்ளத்தில் கவிழ்ந்து மதரசா மாணவர்கள் உயிரிழந்தார்கள். வரைபடம் அதைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஊரார் எல்லோருக்கும் தெரிந்த வெள்ள வீதி ஒன்று வெளியூர் ஓட்டுநரின் திரையில் சாதாரண வீதியாகத் தெரியக்கூடாது என்று சொல்கிறேன்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: பாலம், மதகு சம்பந்தமான எதற்கும். இந்தப் பாலம் எத்தனை தொன் தாங்கும், மதகு அரித்துவிட்டதா என்பதை மேலிருந்து எடுத்த படத்தில் பார்க்கவே முடியாது. பிரதேச செயலகம் வழியாக வீதிக்குப் பொறுப்பான பொறியியலாளரின் பதிலை வாங்குங்கள். குளத்து வான்கதவு திறக்கப்படுமா என்பது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பதில். ஆட்கள் அகப்பட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் வரைபடத்தை மூடிவிட்டு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

## கோளாறு 3: அனுப்பிய புள்ளி வேறு எங்கோ காட்டுகிறது

எண்களை வாசிக்கத் தெரிந்தால் இதில் பெரும்பாலானதை நீங்களே பிடித்துவிடலாம். பொத்துவிலில் இருந்து வாகரை வரை நம் கரையோரத்தில் எங்கே நின்றாலும் முதல் எண் (அட்சரேகை) 6.8க்கும் 8.3க்கும் இடையே இருக்கும், இரண்டாவது எண் (தீர்க்கரேகை) 81.3க்கும் 81.9க்கும் இடையே இருக்கும். இதை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள்.

*புள்ளி வட துருவத்துக் கடலில்:* எண்கள் இடம் மாறிவிட்டன. அட்சரேகை 90 வரை போகலாம் என்பதால், நம் 81ஐ அட்சரேகை என்று கொடுத்தாலும் கணினி பிழை சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். மட்டக்களப்பு நகரம் அப்படியே நோர்வேக்கும் வடக்கே உறைகடலில் போய் உட்காரும். எக்செலில் இரண்டு நிரல்களின் தலைப்பையும் மாற்றினால் முடிந்தது.

*புள்ளி ஆபிரிக்காவுக்கு மேற்கே கடலில்:* இரண்டு எண்ணும் சைபர். படிவம் நிரப்பியவரின் போன் ஜி.பி.எஸ். பிடிக்கவில்லை. அவரைத்தான் கேட்க வேண்டும், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

*புள்ளி இலங்கைக்குள்தான், ஆனால் காட்டுக்குள்:* இது மோசமானது, ஏனென்றால் நம்பும்படியாக இருக்கும். மட்டக்களப்பு நகரம் 7 பாகை 43 கலை வடக்கு, 81 பாகை 42 கலை கிழக்கு. அதை ஒருவர் 7.43, 81.42 என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? சரியான தசம எண் 7.717, 81.70. வித்தியாசம் சின்னதாகத்தான் தெரியும். நிலத்தில் அது தென்மேற்கே ஏறத்தாழ 44 கிலோமீற்றர். சோதிக்க ஒரு வழி: பட்டியலில் புள்ளிக்குப் பின்னால் வரும் முதல் இரண்டு இலக்கங்கள் ஒன்றுகூட 60ஐத் தாண்டவில்லை என்றால் அது பாகை-கலைதான் என்று சந்தேகப்படுங்கள். கலையை 60ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டினால் சரியான எண் வரும்.

*புள்ளி சரியான ஊரில், பிழையான வீட்டில்:* தென்னை மரத்துக்குக் கீழே நின்று அவசரமாக எடுத்த புள்ளி. வெளியில் வந்து, துல்லியம் பத்து மீற்றருக்குள் வரும்வரை காத்திருந்து எடுக்கச் சொல்லுங்கள். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் ஒரு மீற்றர் அளவுக்குச் சொல்ல முடியும். மூன்று இலக்கத்தோடு வெட்டிவிட்டால் நூறு மீற்றர்.

*எண்கள் இலட்சக்கணக்கில்:* 602,000, 579,000 போல வந்தால் பயப்படாதீர்கள். அது இலங்கை நில அளவையின் 1999 கட்டமைப்பு. க்யூஜிஐஎஸ் மென்பொருளில் 5235 என்ற குறியீட்டைக் கொடுத்துத் திறந்தால் தன் இடத்தில் போய் நிற்கும். அதே ஊருக்கு மூன்று இலட்சத்து இரண்டாயிரம் போல வந்தால் அது பழைய கட்டமைப்பு, குறியீடு 5234. இரண்டும் பொருந்தாமல், அதுவும் காணி எல்லை சம்பந்தமான விஷயமாக இருந்தால், அதோடு நிறுத்துங்கள். மீள்குடியேற்றக் காணியின் எல்லையை நாங்கள் கீறக்கூடாது. அது நில அளவையாளரின் வேலை.

அப்புறம், புள்ளி இல்லாமல் ஊர்ப் பெயர் மட்டும் வந்தால் பிரதேச செயலகப் பிரிவையும் கேளுங்கள். நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு நாவலடி, ஓட்டமாவடிப் பக்கம் இன்னொரு நாவலடி. நாவற்குடா, நாவற்காடு வேறு இருக்கின்றன.

## கோளாறு 4: தமிழ்ப் பெயர் குழம்பிக் கிடக்கிறது

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால் அது பாமினி. அலுவலகங்களில் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பட்டியல்கள் நிறைய உண்டு. வேர்டில் அழகான தமிழாகத் தெரியும், வரைபடத்தில் ஒட்டினால் புரியாத எழுத்தாகிவிடும். சோதனை எளிது: ஒரு பெயரை நகலெடுத்து உங்களுக்கே வட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். அங்கேயும் தமிழாக வந்தால் யூனிகோட், வராவிட்டால் மாற்றியில் போட்டு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு வாசியுங்கள். கொம்பு இடம் மாறி, கால் தொலைந்து வருகிற பெயர் பட்டியலுக்கு இரண்டாவது இருக்கும். ஒரு முறை 'கோட்டைக்கல்லாறு' கால் இழந்து வந்ததை நான் கவனிக்காமல் ஏற்றிவிட்டேன். அந்தப் பெயரைத் தேடியவர்களுக்கு ஊரே கிடைக்கவில்லை.

கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் யாரோ எக்செலில் திறந்து சாதாரண சி.எஸ்.வி. ஆகச் சேமித்துவிட்டார்கள். அதிலிருந்து எழுத்தை மீட்க முடியாது, நேரத்தை வீணாக்க வேண்டாம். மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி, யூ.டி.எஃப்-8 என்று இருக்கிற சி.எஸ்.வி. தெரிவில் சேமியுங்கள்.

கட்டம் கட்டமாக, உங்கள் போனில் மட்டும் தெரிந்தால் எழுத்துருப் பிரச்சினை. தரவைத் தொடாதீர்கள்.

ஒரே ஊருக்கு இரண்டு பெயர், மாறி மாறித் திருத்தப்படுகிறது என்றால் அது கணினிப் பிரச்சினை அல்ல. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு, மூன்றையும் நிரப்புங்கள். இன்னொரு வழக்குப் பெயர் இருந்தால் மாற்றுப் பெயருக்கும் இடம் இருக்கிறது. ஊர் முகப்பில் பெயர்ப் பலகை என்ன சொல்கிறது என்று படம் எடுத்து வையுங்கள். இந்த மாவட்டங்களில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் மக்களின் வாழ்க்கை இருக்கிறது, அதை ஒரு திருத்தத்தால் தீர்க்க முடியாது. இரண்டு முறை மாறிவிட்டது என்றால் மூன்றாம் முறை நீங்கள் மாற்றாமல் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவுச் செயற்குழுவுக்கு எழுதுங்கள்.

## கோளாறு 5: கீறினேன், காணவில்லை

சேமித்தீர்களா? சேமி பொத்தானுக்குப் பக்கத்தில் எண் நின்றால் இன்னும் ஏறவில்லை. மின்சாரம் போய் உலாவி மூடிக்கொண்டதா? அதே கணினியில் அதே உலாவியைத் திறந்தால் பழைய திருத்தங்களை மீட்கவா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். மறைநிலைச் சாளரத்தில் வேலை செய்திருந்தால் போனது போனதுதான். மழை நாட்களில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சேமியுங்கள்.

சேமித்தும் தெரியாவிட்டால் கன்ட்ரோல்-ஷிப்ட்-ஆர். உங்கள் பயனர் பக்கத்தில் திருத்தம் பதிவாகியிருந்தால் அது பத்திரமாக இருக்கிறது, படம் புதுப்பிக்கப்படத்தான் நேரம் எடுக்கிறது. தூரத்தில் இருந்து பார்க்கும் அளவுகளில் இன்னும் தாமதமாகும். வடிவம் கீறிவிட்டுக் கட்டடம் என்று வகை சொல்ல மறந்திருந்தாலும் படத்தில் வராது.

கீற வேண்டிய இடத்தைக் கட்டங்களாகப் பிரித்துத் தரும் டாஸ்கிங் மனேஜரில் நீங்கள் எடுத்த கட்டம் இரண்டு மணி நேரத்தில் தானாக விடுபட்டுவிடும். சாப்பிடப் போய்த் திரும்பினால் வேறொருவர் அதே இடத்தில் கீறிக்கொண்டிருக்கலாம்.

எல்லாம் ஏறி, பிறகு அழிக்கப்பட்டிருந்தால் திருத்தக் குறிப்பைப் படியுங்கள். கூகுள் படத்தைப் பார்த்துக் கீறியது என்று இருந்தால் வாதாட இடமில்லை. உரிமம் அனுமதிக்காது. அனுமதிக்கப்பட்ட பின்னணியில் மறுபடி கீறுங்கள்.

## கோளாறு 6: ஒரு வீட்டின் மேல் இன்னொரு வீடு

இணைப்பு மெதுவாக இருந்தபோது இரண்டு தடவை ஏற்றியிருப்பீர்கள், அல்லது மேலே சொன்னபடி இரண்டு பேர் ஒரே கட்டத்தில் கீறியிருப்பீர்கள். பெயரும் விபரமும் உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். இரண்டும் வெறுமையாக இருந்தால் பழையதை வைத்திருங்கள், அதற்கு வரலாறு இருக்கிறது. ஜோசம் சரிபார்ப்பு இரட்டைக் கட்டடங்களைப் பட்டியல் போட்டுத் தரும். ஐம்பதுக்கு மேல் என்றால் கையால் அழிக்காமல் அனுபவமுள்ள சரிபார்ப்பவரிடம் கொடுங்கள், அவர் அந்த ஏற்றத்தையே மொத்தமாகத் திருப்பி எடுத்துவிடுவார்.

## கோளாறு 7: படம் இன்றைய ஊரைக் காட்டவில்லை

படம் எந்த வருடத்தது? திகதி எழுதியிருக்காவிட்டால் பாலங்களைப் பாருங்கள். மண்முனையில் பாலம் இல்லையென்றால் அது 2014க்கு முந்தைய படம். கல்லடியில் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் புதிய பாலம் முழுதாகத் தெரியாவிட்டால் 2013க்கு முந்தையது. அந்தப் படத்தை வைத்து இப்போது இருக்கிற வீடு இல்லை என்று சொல்லக்கூடாது.

எந்த மாதத்தது? பாலமீன்மடு முகத்துவாரம் கோடையில் மணல் மூடிக் கிடக்கும், மாரியில் வாய் வெட்டப்பட்டுத் தண்ணீர் ஓடும். ஆவணியில் எடுத்த படத்தில் மணல்திட்டுத் தொடர்ச்சியாகத் தெரிகிறது என்று அதில் நடைபாதை கீறினால், மார்கழியில் அந்த வழியால் போகிறவர் ஆற்றுவாயில் நிற்பார். கரையில் தெரிகிற ஓலைக் கூரைகளும் அப்படித்தான். பல வாடிகள் மீன்பிடிப் பருவத்துக்கு மட்டும் ஆள் தங்குபவை. அவற்றைக் குடும்ப வீடுகளாக எண்ணினால் உணவுப் பொதியின் கணக்குப் பிசகும்.

எங்கும் மேகமா? கார்த்திகை, மார்கழியில் நம் வானம் பெரும்பாலும் அப்படித்தான். சென்ரினல்-1 செய்மதியின் ராடார் மேகத்தை ஊடுருவி வெள்ளப் பரப்பைக் காட்டும். சென்ரினல்-2 தெளிவான நாளில் வண்ணப் படம் தரும், ஆனால் அதன் ஒரு புள்ளி நிலத்தில் பத்து மீற்றர். ஒரு வீட்டை அதில் தேட வேண்டாம். பெரிய அனர்த்தங்களின்போது வான்டர் நிறுவனம் (2025 வரை மெக்சார் என்ற பெயர்) திறந்த தரவாக வெளியிடும் செய்மதிப் படங்களையும் ஓபன்ஏரியல்மேப்பையும் பாருங்கள்.

சேதத்தைக் குறிக்கச் சொல்கிறார்களா? கூரை முழுதாக இருக்கிற வீட்டுக்குள் ஜன்னல் அளவுக்குத் தண்ணீர் நின்று, அரிசி மூட்டையும் பிள்ளைகளின் புத்தகமும் போயிருக்கும். மேலே இருந்து பார்த்தால் சேதமில்லாத வீடு. நீலத் தறப்பாள் தெரிகிற வீடு உடைந்ததாக இருக்கலாம், திருத்துவதற்குப் பொருள் வந்திருப்பதாகவும் இருக்கலாம். திரையைப் பார்த்துச் சேதம் போடாதீர்கள். கிராம சேவகரோடு நடந்து, கோபோ போன்ற போன் படிவத்தில் வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதுவதுதான் வழி. அந்தப் படிவத்தில் இருக்கிற பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் எண் ஒன்றும் பொதுப் படத்துக்கு வரக்கூடாது. கட்டடம் எங்கே இருக்கிறது என்பது ஊருக்குப் பொதுவான செய்தி. அதற்குள் யார் கணவனை இழந்தவர், யார் தனியாக இருக்கிறார் என்பது அப்படியல்ல. தெரியாமல் ஏற்றிவிட்டால் திருத்தினால் மட்டும் போதாது, பழைய பதிப்பில் அது அப்படியே இருக்கும். தரவுச் செயற்குழுவுக்கு உடனே எழுதி மறைக்கச் சொல்லுங்கள்.

பட்டியலில் ஆட்கள், படத்தில் வெறும் நிலமா? 2004 சுனாமிக்குப் பிறகு நாவலடி மக்களில் பலர் திராய்மடுவில் குடியமர்ந்தார்கள். ஆனாலும் பழைய பட்டியலில் ஊர்ப் பெயர் நாவலடி என்றே நிற்கும், அவர்களும் தங்களை நாவலடி ஆட்கள் என்றுதான் சொல்வார்கள். கடலோரத்தில் தெரிகிற பழைய அத்திவாரங்களுக்கு வீடு என்று போடாமல் இடிபாடு என்று போடுங்கள். பெயரை அழிக்காதீர்கள். பொதி கொண்டுபோக முன்னர் கிராம சேவகருக்கு ஓர் அழைப்பு எடுத்து, இந்தக் குடும்பங்கள் இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறார்கள் என்று கேட்டு, அவர் சொன்ன பிரிவை லொறிக்காரரின் தாளில் பேனையால் எழுதிக் கொடுங்கள்.